அந்திமக் காலத்தில் ஆகாயம் எதற்கு?

சென்ற மாதம் எங்கள் துறை ஓய்வறையில் ஜே.ஆர்.டி. டாடாவைப் பற்றிப் பேச்சு வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு, புஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் மூட்டைகளை ஏற்றித் தாமே ஓட்டிவந்தவர் அவர். அதே தபாலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இவ்வளவும் பலருக்குத் தெரியும். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982 அக்டோபர் 15 அன்று, 78 வயது நிறைந்திருந்த டாடா பழைய லெப்பர்ட் மாத் விமானம் ஒன்றில் ஏறிக் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் பறந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதை நான் சொன்னேன். ஓய்வுபெற எட்டு மாதமே இருக்கும் மூத்த பேராசிரியர் ஒருவர் உடனே கேட்டார்: "எழுபத்தெட்டு வயசுல கிருஷ்ணா ராமான்னு இருக்காம ஆகாயம் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீடு திரும்பிய பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. அதற்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

நம் சமூகம் முதியவருக்கு என்ன கொடுத்திருக்கிறது? மரியாதை கொடுத்திருக்கிறது. கல்யாண வீட்டில் முதல் வரிசை நாற்காலி கொடுத்திருக்கிறது. பழங்கதை சொல்லும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. ஆனால் புதிதாக ஒன்றைச் செய்யும் உரிமையைக் கொடுக்கவில்லை. வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று பழமொழி சொல்லி இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் அவரை உட்கார வைத்துவிட்டோம். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினாரின் பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். இளமையில் நீர்த்துறை மரக்கிளையில் ஏறி மடுவில் குதித்து, ஆழத்து மணலை அள்ளிவந்த நாளை, இப்போது கோலூன்றி இருமும் கிழவர் நினைத்துப் பார்க்கிறார். ஒப்பற்ற கவிதைதான். ஆனால் மாணவர்களிடம் அதை முதுமையின் இலக்கணமாகவே சொல்லிவந்திருக்கிறேன் என்பது இப்போது புரிகிறது. குதித்ததை நினைக்கலாம், குதிக்கக் கூடாது என்று கவிஞர் எங்கும் சொல்லவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டவர்கள் உரையாசிரியர் வேடம் போட்ட நாம்தான். ஆளில்லாமல் செல்லும் வான ஊர்தியைச் சங்கப் புலவன் பாடிவிட்டான் என்று மேடைதோறும் மார்தட்டுகிற நமக்கு, ஆள் ஏறிய ஊர்தியில் ஒரு கிழவர் இருந்தால் மட்டும் சிரிப்பு வருகிறது.

வானத்தின் சட்டம் இவ்விஷயத்தில் நம்மைவிட நாகரிகமானது. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச்செல்லும் விமான நிறுவனங்களின் விமானிகளுக்கு 65 வயது வரம்பு உண்டு. 2007 இறுதிவரை அது 60ஆக இருந்தது. ஆனால் சொந்த விருப்பத்துக்காகச் சிறுவிமானம் ஓட்டும் தனிநபர் உரிமத்துக்கு மேல் வயது வரம்பே இல்லை. அதனால் யாரும் எப்படியும் பறக்கலாம் என்று பொருளாகாது. வழக்கமான மருத்துவச் சான்றிதழ் நாற்பது வயதுக்குக் கீழே ஐந்தாண்டும், நாற்பதைத் தாண்டினால் இரண்டாண்டும் மட்டுமே செல்லும். 2017 முதல் சிறுவிமானங்களுக்கு மாற்று வழி ஒன்றும் இருக்கிறது. உரிமம் பெற்ற மருத்துவரிடம் நான்காண்டுக்கு ஒருமுறை சோதனை, இரண்டாண்டுக்கு ஒருமுறை உடல்நலம் குறித்த பாடம் படித்துத் தேறுதல் என்பது அதன் ஏற்பாடு. எந்த வழியில் வந்தாலும், இரண்டாண்டுக்கு ஒருமுறை பயிற்றுநர் ஒருவரை அருகில் அமர்த்திப் பறந்து காட்ட வேண்டும். பயணியை ஏற்றிக்கொள்ள விரும்பினால், கடந்த 90 நாட்களில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உடலில் கோளாறு இருப்பது தெரிந்தால் சான்றிதழ் கையில் இருந்தாலும் பறக்கக் கூடாது. அந்தக் கணக்கை ஒவ்வொரு காலையும் விமானியே தமக்குத் தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இச்சட்டம் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். கண் தெரிகிறதா, இதயம் சரியாக இருக்கிறதா, கை பழக்கத்தில் இருக்கிறதா? எத்தனை வயது என்ற கேள்வி, எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதிப்பது என்பதை முடிவுசெய்ய மட்டுமே உதவுகிறது. என் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு ஓய்வுபெறும் நாள்வரை ஓட்டிவிடலாம். எவரும் அருகில் அமர்ந்து, பாடம் இன்னும் நினைவிருக்கிறதா என்று கேட்பதில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஸ்டீவ் ஃபாஸெட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். 2002இல் பலூனில் தனியாக உலகைச் சுற்றியவர். 2005இல் விமானத்தில், எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல், தனியாகச் சுற்றியவர். 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவில் ஒரு பண்ணையிலிருந்து சிறுவிமானத்தில் உலாவப் புறப்பட்டுக் காணாமல் போனார். அப்போது அவருக்கு 63 வயது. ஓராண்டுக்குப் பிறகு கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைச்சரிவில் சிதைவுகள் கிடைத்தன. "அந்த வயதில் அடங்கி இருந்திருக்கலாம்" என்பது எளிதான தீர்ப்பு. ஆனால் விபத்தை ஆராய்ந்த அமெரிக்க அரசு அமைப்பு சொன்ன காரணம் வேறு. விமானத்தின் ஏறுதிறனை மிஞ்சிய கீழ்நோக்கிய காற்றோட்டத்தில் அவர் எதிர்பாராமல் சிக்கினார் என்றது அது. உயரத்தில் காற்று மெலிகிறது, எஞ்சினின் வலு குறைகிறது, மலையின் மறுபுறம் காற்று அருவிபோல் இறங்குகிறது. அந்தக் காற்று முப்பது வயதுக்காரரையும் அப்படியே கீழே அழுத்தியிருக்கும். வயது காரணமாக இருந்த விபத்துகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. காரணம் எது என்று பார்க்கும் முன்பே பிறந்த ஆண்டைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் சோம்பலைத்தான் சொல்கிறேன்.

இலக்கிய வாசகர்களுக்கு இன்னொருவர் நினைவுக்கு வரலாம். 'குட்டி இளவரசன்' எழுதிய செந்த்-எக்சுபெரி 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து புறப்பட்டுத் திரும்பாமல் போனது ஒரு புகைப்படப் பயணத்தில்தான். எதிரி வசமிருந்த நிலத்தை உயரத்திலிருந்து படமெடுக்கும் வேலை அது. வயது 44. அந்த வகை விமானத்துக்கு வைத்திருந்த வரம்பைத் தாண்டியவர், மன்றாடி அனுமதி பெற்றவர். பழைய விபத்துகளில் அடிபட்ட உடம்பு. அவரைப் பறக்க விட்டிருக்கலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் அது அவருடைய முதுகையும் தோளையும் பற்றிய கேள்வி. 44 என்ற எண் அதற்கு விடை தராது.

புகைப்படம் என்றதும் இன்னொரு குற்றச்சாட்டு எழும்: எல்லாம் விளம்பர ஆசை. இதில் பாதி உண்மை. ஒற்றை ஆளாக விமானம் ஓட்டிக்கொண்டே படமெடுப்பது ஆபத்தான வேலை. கண் கேமராவுக்குள் போனதும் வேகம் குறைகிறது, இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் படம் அமையும் என்று மனம் சொல்கிறது. தாழ்வாக, மெதுவாக, இறுக்கமாக வளையும்போது இறக்கை காற்றின் பிடியை இழந்துவிட்டால் மீள்வதற்கு உயரம் இருக்காது. ஆகவே வேண்டாம் என்று தோன்றும் படத்தை விட்டுவிட்டுத் திரும்பத் தெரிந்தவரே இதைச் செய்யலாம். அந்தத் திறமை எந்த வயதில் அதிகம் வாய்க்கும்? 2021 நவம்பரில் கலிபோர்னியாவில் ட்ரெவர் ஜேக்கப் என்பவர் காணொளிக்காகத் தம் விமானத்திலிருந்து பாராசூட்டுடன் குதித்து, விமானத்தைக் காட்டு மலையில் மோதவிட்டார். பிறகு சிதைவுகளை மறைத்து விசாரணையாளர்களிடம் பொய் சொன்னார். 2023இல் ஆறு மாதச் சிறை. அப்போது அவருக்கு முப்பது வயதுதான். வயதுக்கேற்ற அடக்கம் வேண்டும் என்று அவருக்கு யாரும் உபதேசித்ததாகத் தெரியவில்லை.

மறுபக்கத்தில் வில்லியம் கார்னெட் இருக்கிறார். சொந்தச் செஸ்னா விமானத்தைத் தாமே ஓட்டியபடி அமெரிக்க நிலத்தைப் பல பத்தாண்டுகள் படமெடுத்தவர். பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். 2006இல், 89ஆம் வயதில் காலமானார். 1950இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே லேக்வுட்டில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே அச்சில் எழுந்தபோது, கட்டியவர்களே தங்கள் பெருமைக்காக அவரைப் படமெடுக்கச் சொன்னார்கள். மரமற்ற தரையில் வரிசை வரிசையாக நின்ற அந்த வீட்டுச் சட்டங்களின் படங்கள், பின்னாளில் நகரப் பெருக்கத்தைச் சாடும் நூல்களில் சாட்சியாக நின்றன. தரையில் நின்று பார்த்தவனுக்கு அவனுடைய வீடு மட்டுமே தெரிந்தது. இவ்வகைப் பார்வையில் முதியவருக்கு ஒரு கூடுதல் தகுதி உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஆறு எந்தப் பக்கம் ஓடியது, அந்த மேட்டில் என்ன விளைந்தது என்பது அவருக்குத் தெரியும். கீழே தெரிவதோடு இல்லாமற்போனதையும் சேர்த்துப் பார்க்க அவரால் முடியும்.

நியாயமான எதிர்ப்புகள் இரண்டு உண்டு. முதலாவது, இது பணக்கார விளையாட்டு. ஆம். டாடாவும் ஃபாஸெட்டும் நம்மைப்போல் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். அமெரிக்காவில் சிலர் கூடி ஒரு விமானத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றாலும் அதுவும் எல்லோருக்கும் எட்டுவதன்று. இரண்டாவது, சுற்றுச்சூழல். இந்தச் சிறுவிமானங்களில் பெரும்பாலானவை இன்னும் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடுகின்றன. அந்த ஈயம் மக்கள் நலத்துக்குக் கேடு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2023இல் முறைப்படி அறிவித்தது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்விரண்டும் இருபது வயது விமானிக்கும் சமமாகப் பொருந்தும். எங்கள் ஓய்வறையில் பணத்தைப் பற்றியோ ஈயத்தைப் பற்றியோ யாரும் பேசவில்லை. வயதைப் பற்றித்தான் சிரித்தோம்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல புகைப்படக்காரர். வேடந்தாங்கலில் அவர் எடுத்த நாரைப் படங்கள் பல ஆண்டுகளாக எங்கள் துறைச் சுவரில் இருக்கின்றன. ஓய்வு பெற்றதும் கேமராவோடு இமயமலைப் பக்கம் போகப் போவதாக முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சில நாட்கள் கழித்து அதைப் பற்றிக் கேட்டேன். மருத்துவர் தடுக்கவில்லையாம். பிள்ளைகள் தடுத்தார்களாம். அவர்கள் சொன்ன வார்த்தை கிருஷ்ணா ராமா. கேமராவை மருமகனுக்குக் கொடுத்துவிட்டாராம்.

அவரை மலைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியது அவருடைய முழங்காலும் மூச்சும். அதைச் சோதித்துப் பார்க்க அரைநாள் போதும். அதைக்கூடச் செய்யாமல் அவரைப் பாசத்தால் பூட்டி வைத்திருக்கிறார்கள். அன்று ஓய்வறையில் சிரித்த நாங்கள் எல்லோரும் அந்தப் பூட்டை இன்னொரு முறை இழுத்துச் சரிபார்த்தோம். எங்களில் இளையவருக்கே நாற்பது ஆகிறது.