கன்னியா வெந்நீரும் அந்தியேட்டி மோட்சமும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நாமும் நமது துணைவியாரும் கொழும்பில் பஸ் ஏறி, சனிக்கிழமை விடியற்காலம் திருகோணமலையில் இறங்கினோம். இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டுத் திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பிவிட்டோம். "சுயமரியாதைக்காரரும் அவர் சம்சாரமும் கன்னியாவுக்குத் தீர்த்தமாடப் போனார்கள்" என்று சில அன்பர்கள் சிரித்ததாகக் கேள்வி. அங்கே போயும் செய்யவேண்டிய காரியத்தைச் செய்யாமல் வந்துவிட்டோம் என்று உறவினர்கள் கோபித்துக்கொண்டதும் நமக்குத் தெரியும். இரு கட்சியாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். நமது துணைவியாரின் தாயார் கடைசி இரண்டு வருஷம் நம் வீட்டிலே படுக்கையில் கிடந்து காலமானார். அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது. ஆகையால் மகளே கொள்ளி வைத்தார். அன்றே உறவினர் முகம் சுளித்தார்கள். "கொள்ளிதான் இப்படி ஆயிற்று, 31-ஆம் நாள் அந்தியேட்டியையாவது முறைப்படி கன்னியாவிலே செய்யவேண்டும். அவள் பிறந்த ஊர்த் தீர்த்தம். ஒரு ஆண்பிள்ளையைக் கொண்டு செய்தால்தான் ஆத்துமா மோட்சம் போகும்" என்று திருகோணமலையிலிருந்து தினமும் செய்தி வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்பிள்ளை யார் என்று கேட்டோம். அம்மையாரின் தமக்கை பேரனாம். ஆயுளில் அம்மையாரை நாலு முறை பார்த்திருந்தால் அதிகம்.

தோழர்களே, இந்த நியாயத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வருஷம் இராப்பகல் மலம் மூத்திரம் எடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டிய மகளின் கை அசுத்தமான கை. யாரென்றே தெரியாத ஒரு பையனின் கை மோட்சம் கொடுக்கிற கை. அவன் செய்த புண்ணியம் ஆணாய்ப் பிறந்தது ஒன்றுதான். இப்படிச் சொல்லுகிற சாஸ்திரத்தை ஒரு பெண் எதற்காக மதிக்கவேண்டும் என்று கேட்கின்றோம்.

அத்தோடு ஒரு ஜாபிதாவும் வந்தது. குருக்களுக்குத் தானம் கொடுக்கவேண்டிய அரிசி, காய்கறி, வேட்டி, பாய், தலையணை, குடை, செருப்பு என்று அது நீண்டுகொண்டே போயிற்று. கால் தரையில் ஊன்றமுடியாமல் இரண்டு வருஷம் கிடந்தவருக்குச் செத்த பிறகு செருப்பு! வெயில் முகத்தில் படாமல் ஒரே அறையில் கிடந்தவருக்குக் குடை! அவர் உயிரோடு நோவில் துடித்தபோது இந்த உறவினரில் ஒருவராவது ஒரு தைலப்புட்டி வாங்கி அனுப்பியதுண்டா? தானம் வாங்குகிறவர் பார்ப்பனரா, சைவக் குருக்களா என்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. யார் வாங்கினாலும் செருப்பு அவர் காலுக்குத்தான் போகும்.

நிற்க, கன்னியாவுக்கு இந்த மோட்ச அதிகாரம் எப்படி வந்தது? அதற்கு ஒரு கதை சொல்லுகிறார்கள். இராவணன் தன் தாயின் சிவபூசைக்காகத் திருக்கோணமலைப் பாறையைப் பெயர்க்கப் போனானாம். அப்போது விஷ்ணு ஒரு பிராமண வேஷத்தில் வந்து, "உன் தாய் இறந்துவிட்டாள், கன்னியாவிலே போய் அந்தியேட்டி செய்" என்றாராம். உடனே இராவணன் அங்கே போய் வாளால் ஏழிடத்தில் குத்தினானாம். ஏழு ஊற்றுக்கள் பீறிட்டனவாம். அவைதான் இன்றைய ஏழு கிணறுகளாம்.

கதைப்படியே பார்ப்போம். வந்தவன் யார், அவன் சொல்வது மெய்யா என்று இராவணன் கேட்கவில்லை. பத்துத் தலை இருந்தும் அதில் ஒரு தலைக்காவது, வீட்டுக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றவில்லை. இராவணனை மாவீரன், மகா பண்டிதன் என்று கொண்டாடுகிற தமிழர்கள், அவனை இப்படி ஏமாந்த சோணகிரியாகக் காட்டுகிற கதையை எப்படி ஒப்புக்கொள்ளுகிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

மேலும், யாழ்ப்பாணத்தார் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போகிறார்கள். அங்கே கேணியில் இருப்பது குளிர்ந்த நீர். கன்னியாவில் இருப்பது சுடுநீர். சூடும் மோட்சம் கொடுக்கும், குளிர்ச்சியும் மோட்சம் கொடுக்கும் என்றால், நம் வீட்டுக் குழாயில் வருகிற வெதுவெதுப்பான தண்ணீர் என்ன பாவம் செய்தது?

இனி, இந்த நீர் ஏன் சுடுகிறது என்பதைப் பார்ப்போம். இலங்கையில் எரிமலை கிடையாது. ஆனால் எந்த நாட்டிலும் பூமிக்குள்ளே இறங்க இறங்கச் சூடு ஏறிக்கொண்டே போகும். பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை ஏறும். மழை நீர் பாறை வெடிப்புகளின் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியாக மேலே வந்துவிடுகிறது. இதில் வாளுக்கும் வேலையில்லை, சூலத்துக்கும் வேலையில்லை.

"அப்படியானால் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் வெவ்வேறு சூடு இருப்பது எப்படி?" என்று ஒரு பெரியவர் நம்மை மடக்கினார். கீழிருந்து வரும் வெந்நீரோடு மேல்மண்ணிலே ஊறும் குளிர்ந்த நீர் ஒரு கிணற்றில் கொஞ்சமாகவும் இன்னொன்றில் அதிகமாகவும் கலக்கிறது. அவ்வளவுதான். அடுப்படியில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். கன்னியா நீரின் சூடு சுமார் 40 டிகிரி. நமது உடம்புச் சூடு 37 டிகிரி. இந்த மூன்று டிகிரி வித்தியாசத்தில்தான் ஒரு மோட்சலோகமே கட்டப்பட்டிருக்கிறது!

இலங்கையிலே வெந்நீர் ஊற்று கன்னியாவில் மாத்திரமல்ல. அம்பாறை மாவட்டத்து மகா ஓயாவில் இதைவிடச் சூடான ஊற்று இருக்கிறது. அம்பாந்தோட்டை மாவட்டத்து மகாபெலெஸ்ஸவிலும் இருக்கிறது. அங்கெல்லாம் இராவணன் யாருக்கு அந்தியேட்டி செய்தான்?

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இருவரும் கன்னியாவுக்குப் போனோம். திருகோணமலைப் பட்டணத்திலிருந்து சில மைல்தான். ஏழும் ஆழமில்லாத சிறு கிணறுகள், உள்ளே இறங்குவதில்லை. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளவேண்டும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் மொண்டுகொண்டிருந்தார்கள். ஒரு சிங்களக் கிழவி கைக்கு எட்டாமல் தடுமாறியபோது நமது துணைவியார் மொண்டு கொடுத்தார். அந்தக் கிழவி, "உன் அப்பன் எந்த மதம்?" என்று கேட்கவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை.

ஆனால் மனிதர்கள் கேட்டிருக்கிறார்கள். அங்கே பழைய பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை கட்ட முயன்றதை எதிர்த்து 2019 ஜூலையில் தமிழர்கள் திரண்டார்கள். அதே மாதத்தில் திருகோணமலை மேல் நீதிமன்றம் அந்தக் கட்டடத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. பெரும்பான்மையோர் அதிகார பலத்தைக் கொண்டு சிறுபான்மையோரின் இடத்தைப் பிடுங்குவது அநியாயம். அதை நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம். ஆனால் நமது தமிழ்த் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. இராவணன் குத்திய கிணறு என்று நீங்கள் உரிமை கேட்டால், அவர்களும் தங்கள் புராணத்தை எடுத்து வீசுவார்கள். புராணத்துக்குப் புராணம் சாட்சி சொன்னால் வழக்கு எந்தக் காலத்திலும் தீராது. தலைமுறை தலைமுறையாக நாங்கள் இங்கே வாழ்கிறோம், இந்த நீரை மொண்டு குளிக்கிறோம், எங்களை விலக்க எவருக்கும் உரிமையில்லை என்று கேளுங்கள். அது மனித உரிமை. எந்தச் சாமியின் சிபார்சும் அதற்குத் தேவையில்லை.

கடைசியாக நமது குற்றம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அம்மையார் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில், "முழங்கால் கடுக்குது, தம்பி. ஒருக்கால் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அந்தச் சுடுதண்ணியில முழுக விடுங்கோவன்" என்று நம்மிடம் கேட்டதுண்டு. மோட்சத்துக்காக அல்ல, கால் நோவுக்காகக் கேட்டார். சுடுநீரால் வியாதி தீராவிட்டாலும் சற்று நேரம் நோவு தணியும் என்பது அறிவுக்குப் பொருந்திய விஷயந்தான். "லீவு கிடைக்கட்டும்" என்றோம். அடுத்த வருஷமும் அதையே சொன்னோம். பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. இப்போது இறந்து ஒரு மாதத்தில் அந்த லீவு சுலபமாகக் கிடைத்துவிட்டது! வைதீகர்களை ஊர் ஊராய்க் கண்டித்துவரும் நாமே இந்தக் காரியத்தில் அவர்களைப்போலத்தான் நடந்திருக்கிறோம். இருக்கும்போது தள்ளிப்போட்டுச் செத்தபிறகு பிரயாணம் செய்திருக்கிறோம்.

இதைக் கிணற்றடியில் துணைவியார்தான் சொன்னார். முதல் வாளியை மொண்டு, "அம்மாவுக்கு ஊத்தவேண்டிய தண்ணி இது. இனி யாருக்கு ஊத்தினாலும் அவவுக்குச் சேராது" என்றார். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் எதுவுமில்லை. எந்தக் குருக்களிடமும் இருக்க நியாயமில்லை.

ஜாபிதாவுக்கு ஆகியிருக்கும் தொகை சுமார் ஒன்றரை மாதச் சம்பளம். அதில் ஒரு சக்கர நாற்காலி வாங்கி, அம்மையார் பிறந்த தெருவிலே நடக்கமுடியாமல் இருக்கும் ஒரு மூதாட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த விடுமுறையில் அவரைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போவதாக அவர் மகன் சொல்லியிருக்கிறான். தள்ளிப்போடாதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

ஆகவே தோழர்களே, கன்னியாவுக்குத் தாராளமாகப் போங்கள். மனைவியை, பிள்ளைகளை, முழங்கால் கடுக்கிற தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நன்றாக மொண்டு ஊற்றிக் குளித்துவிட்டு, பாறைக்கடியிலே நீர் எப்படிச் சூடாகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே போங்கள்.