மின்சாரப் போட்டியும் நம் தறிகளும்

மின்சார விற்பனையைப் பலருக்கும் திறந்துவிட வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டில் வலுத்து வருகிறது. 1 மெகாவாட்டுக்கு மேல் தேவையுள்ள ஆலைகள் தமக்கு வேண்டியவரிடம் மின்சாரம் வாங்கிக்கொள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டமே இடந்தந்தது. ஒரே கம்பிகளின் வழியே பல நிறுவனங்கள் விற்கலாம் என்ற 2022ஆம் ஆண்டுத் திருத்த மசோதா நிறைவேறவில்லை. 2025 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட வரைவு அவ்வெண்ணத்தை மீண்டும் எழுப்பியது.

போட்டியே தீது என்று கூறுவதற்கில்லை. நூல் வியாபாரி ஒருவனே இருந்த ஊரில் நெசவாளி பட்ட பாட்டைக் கூட்டுறவாளர் அறிவர். ஆயின் நூல் வேறு, மின்சாரம் வேறு. இங்கே கம்பி ஒன்றே. விற்பவர் மட்டுமே பலராவர். ஆடிக் காற்றில் கம்பி அறுந்தால் செப்பனிட வருபவர் பழைய மின்கழகத்து ஆட்களே. புதியவர் பில் அனுப்புவதோடு சரி!

அப்புதியவர் யாரைத் தேடி வருவார்? திருத்தணிப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் நான்கு தறி ஓட்டுபவரையா, பெரிய ஆலையையா? தமிழ்நாட்டில் 2023 மார்ச் முதல் இரு மாதங்களுக்குக் கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1000 யூனிட்டும் இலவசம். உழவரின் பம்புசெட்டுக்கும் கட்டணமில்லை. இச்சலுகைகளை அரசாங்க மானியம் ஒருபுறம் தாங்க, ஆலைகளும் கடைகளும் கூடுதலாகச் செலுத்தும் கட்டணம் மறுபுறம் தாங்குகிறது. அந்த ஆலைகள் விலகிச் சென்றால் எஞ்சிய சுமை யார் தலையில் ஏறும்? மேற்சொன்ன வரைவோ, உற்பத்தி ஆலைகளும் ரயில்வேயும் செலுத்தும் கூடுதலை ஐந்தாண்டுகளுக்குள் நீக்க வேண்டும் என்றது. ஆலைக்கு விலை குறைவது வேண்டத்தக்கதே. அதற்கு ஈடு எங்கிருந்து வரும் என்பதையும் சட்டமே விளங்கச் சொல்லுதல் வேண்டும்.

பிரிட்டனில் 1990களின் இறுதியில் இல்லங்களுக்கும் இப்போட்டி வந்தது. 2021இல் எரிவாயு விலை ஏறியபொழுது இருபதுக்கும் மேற்பட்ட விற்பனை நிறுவனங்கள் மூழ்கின. அந்தச் செலவு மற்ற வீட்டார் அனைவரின் கட்டணத்திலும் சேர்ந்தது.

நமக்கும் ஒரு வழி உண்டு. பசுமை மின்சாரத்தை நேரே வாங்குவதற்கான வரம்பை 2022ஆம் ஆண்டு விதிகள் 100 கிலோவாட்டாகக் குறைத்தன. அது ஏறத்தாழ 134 குதிரைத்திறன். சிறு தறிக்கூடம் எதுவும் தனித்து அதனை எட்டாது. ஊர்த் தறிகள் யாவும் ஒரு சங்கத்தின் பெயரில் திரண்டால் எட்டும். தெலங்கானாவில் விசைத்தறிக்குப் பெயர்பெற்ற சிரிசில்லாவில் 1970 முதல் கூட்டுறவுச் சங்கமே மின் விநியோகம் செய்து வந்துள்ளது. ஆகவே நெசவாளர் சங்கத்தை ஒரே நுகர்வோராக ஏற்க வேண்டும் என்றும், மானியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றும் நம் சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே தீர்மானம் நிறைவேற்றிச் சென்னைக்கும் டில்லிக்கும் அனுப்புதல் நலம்.