ஏட்டுச் சுரைக்காயும் 555 புத்தகமும்

இன்றைய தகவல் யுகத்தில் வணிகம் என்றாலே கணினி என்றாகிவிட்டது. நம் நாட்டின் உள்நாட்டு வருமான வரி வாரியம், இ-இன்வாய்ஸ் எனப்படும் மின்-விலைப்பட்டியல் முறையை 2024 ஆகஸ்ட் 1ஆம் நாள் தொடங்கியது. முதலில் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மட்டுமே அது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் கட்டங்கட்டமாக அதைவிடச் சிறிய நிறுவனங்களும் சேர்க்கப்பட்டன. இப்படி மாறிவரும் வணிகர்களுக்குத் தகவல் முறைமைகளை ஆராய்ந்து வடிவமைத்துத் தரப்போவது யார்? இன்று பல்கலைக்கழகத்தில் முறைமைப் பகுப்பாய்வு பயிலும் மாணவர்கள்தாம்.

தகவல் திரட்ட நேர்காணல், வினாநிரல், உற்றுநோக்கல், ஆவண ஆய்வு ஆகிய வழிகளைப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. திரட்டியதை வரைந்து காட்டத் தரவுப் பாய்வு வரைபடம் உண்டு. 1970களின் இறுதியில் டாம் டிமார்கோ என்ற அமெரிக்கர் இவ்வரைபடத்தைக் கொண்டு 4 படிகளை வகுத்தார். முதலில், இன்று வேலை எப்படி நடக்கிறதோ அதை அப்படியே வரைய வேண்டும். அடுத்து அதன் சாரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு புதிய முறையின் சாரம், இறுதியில்தான் கணினி. ஆனால், நம்மில் பலர் முதல் மூன்று படிகளையும் தாண்டி நேராகக் கணினித் திரையில் குதித்துவிடுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர், விற்பனை, ரொக்கம், சரக்கிருப்பு என்று அறையில் அமர்ந்தே வரைந்துவிடலாம். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் 555 புத்தகம் அதில் வராது. மாதக் கடைசியில் அரிசியும் பருப்பும் கடனுக்குப் போகும். சம்பளம் வந்ததும் பாதிப் பணம் வரும். மீதி அடுத்த பக்கத்தில் ஏறும். தகவல் முறைமையின் கண்கொண்டு பார்த்தால், அந்தச் சின்னப் புத்தகம் ஒரு தரவுக் கிடங்கு. பொருள் போவதும் பணம் வருவதும் வெவ்வேறு நாளில் நடக்கும் இரண்டு பாய்வுகள். இதை விட்டுவிட்டுச் செய்த மென்பொருளை வாங்கிய கடைக்காரர் என்ன செய்வார்? கணினியில் ஒரு கணக்கும் புத்தகத்தில் ஒரு கணக்குமாக இரட்டை வேலை பார்ப்பார். போட்ட பணமும் வீணாகும்.

முதல் படிக்கு அதிகக் காலம் பிடிக்கிறது என்ற குறையும் உண்டு. இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட் யோர்டனே, நடப்பு முறையை விரிவாக வரைய வேண்டாம் என்று 1989இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். பெரிய நிறுவனங்களுக்கு அது பொருந்தலாம். ஒரு சிறு கடையைப் புரிந்துகொள்ள, ஓரிரு நாள் கல்லா அருகில் நின்று கவனிப்பதே பெரிதும் உதவும் என்பது என் கருத்து.

கேட்கும் மொழியும் முக்கியம். தமிழில் கணக்கெழுதும் ஒருவரிடம் ஆங்கில வினாநிரலை நீட்டினால், "எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி" என்று முடித்துவிடுவார். "ஐயா, நேற்றுக் கடனுக்கு வாங்கியவர் கணக்கை எங்கே எழுதினீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள், புத்தகமே வெளியே வரும். துறையின் மொழி ஆங்கிலம்தானே என்பார்கள் சிலர். வரைபடம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கேள்வி தமிழில் இருக்கட்டும். தமிழ்ப்பள்ளியில் படித்ததை வெறும் பெருமையாகப் பேசும் நமக்கு, அது தொழிலுக்கும் உதவும் கருவி என்பது ஏனோ தெரிவதில்லை.

எனவே, நம் தமிழ்க் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். பேச்சுப் போட்டி, கலைவிழாவோடு ஆண்டுக்கு ஒருமுறை கணினி, வணிகத்துறை மாணவர்களை இருவர் இருவராகச் சிறு கடைகளுக்கு அனுப்புவோம். இன்றைய நடைமுறையை வரைந்து, கடைக்காரரிடமே காட்டித் திருத்தி, அவரிடமே இலவசமாகக் கொடுத்துவிடுவோம். நாளை எந்த மென்பொருள் விற்பனையாளர் வந்தாலும், "இந்தப் புத்தகத்துக்கு உங்கள் கணினியில் எங்கே இடம்?" என்று அவர் கேட்கட்டும்.