பட்டறை மட்டும் போதுமா?

"பையன் பட்டறையில் தொழில் பழகுகிறான், சான்றிதழ் எதற்கு ஹஜ்ரத்?" சானமாவில் பெற்றோர் சிலர் கேட்பது இது. தொழிலை நான் இழிவாக எண்ணவில்லை. அல்லாஹ் இரும்பை மென்மையாக்கித் தர, கவசம் செய்து உழைத்துண்டவர் தாவூத் நபி (அலை). ஆனால் பத்தாண்டு கடைசல் பிடித்தவனிடமும் ஓசூர் ஆலை வாயிலில் கேட்கப்படுவது ஐடிஐ சான்றிதழ்தான். அது இல்லையேல் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியே கதி.

பத்தாம் வகுப்பு தேறியவனுக்கு ஃபிட்டர், டர்னர் பயிற்சி இரண்டே ஆண்டுகள். அரசு நிலையத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பின்னர் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, ஆலைக்குள்ளேயே உதவித்தொகையுடன் பழகலாம். இதைச் சொல்லாமல், ஓதிக்கொடுத்ததோடு கடமை முடிந்ததென இருந்த என் போன்ற மதரசா ஆசிரியர்களும் குற்றவாளிகளே. வட்டிக்குக் கடன் வாங்கிப் பொறியியலில் சேர்க்கத் தயங்காத நாம், ஐடிஐ என்றதும் முகம் சுளிப்பது ஏன்?