கப்பலேறும் நாளும் காப்புறுதி எடுக்கும் நாளும்

கொழும்பில் வாழும் நம்மவர்க்குக் கடல் அந்நியமானதன்று. வெள்ளவத்தையில் மாலை வேளையில் தண்டவாளத்தைக் கடந்து கரையிலே நின்றால், துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கப்பல்கள் அடிவானத்திலே தோன்றும். கொட்டாஞ்சேனையிலோ கப்பல் ஊதும் ஓசை வீட்டுக்குள்ளேயே வந்து கேட்கும். ஆயினும், கப்பலில் ஏறிப் பயணஞ் செய்தவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே. கோட்டை நிலையத்தில் புகைவண்டி ஏறி, தலைமன்னாரில் கப்பலுக்கு மாறி, தனுஷ்கோடியில் இறங்கிச் சென்னைக்குப் போன 'போட் மெயில்' நம் முன்னோர் கண்ட காட்சி. 1914 ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தப் பாதையை 1964 டிசெம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய புயல் குலைத்துவிட்டது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அவ்வூரை நோக்கிப் புறப்பட்ட புகைவண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களுடன் கடலுக்கு இரையாயிற்று. பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனது.

இப்போது கடல்வழி மீண்டும் திறந்திருக்கிறது. 2023 யூன் மாதத்தில் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து வந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றது. இதைவிட நம் வீடுகளில் அடிக்கடி பேசப்படுவது வேறொன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் குடியேறிவிட்ட பிள்ளைகள், "அப்பா அம்மாவின் திருமண நாளை எல்லோரும் ஒரு கப்பலிலே கொண்டாடுவோம்" என்று ஆசையோடு அழைக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் நான்கு நாட் பயணமாயினும், மத்தியதரைக் கடலில் ஏழு நாட் பயணமாயினும், அறுபதும் எழுபதும் கடந்த பெற்றோர் முதன்முறையாகக் கப்பலேறும் காலம் இது.

இத்தகைய பயணத்துக்கு நம் குடும்பங்கள் ஆயத்தம் செய்யும் முறையைக் கவனித்திருக்கிறேன். சீட்டு வாங்கியாயிற்று, விசா கிடைத்தாயிற்று, குளிருடுப்பும் வந்தாயிற்று. புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கையிலே, "ஐயோ, இன்ஷூரன்ஸ் எடுக்கவில்லையே!" என்று ஒருவர்க்கு நினைவு வரும். கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்து வருவதுபோல, அன்று மாலையே ஒரு பத்திரத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறதென்று எவரும் வாசிப்பதில்லை.

காப்புறுதி என்பது கப்பலேறும் நாளைச் சேர்ந்த காரியமன்று; முதற்பணம் நம் கையைவிட்டுப் போகும் நாளைச் சேர்ந்த காரியம். இதனை இல்லத்தரசியர் மனத்திற் கொண்டாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

காரணத்தைச் சொல்கிறேன். உல்லாசக் கப்பலின் சீட்டுப் புகைவண்டிச் சீட்டுப் போன்றதன்று. பல மாதங்களுக்கு முன்பே முற்பணம் கட்டவேண்டும். மிகுதியைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னர் கட்டி முடிக்கவேண்டும். இடையிலே பயணத்தை நிறுத்தினால், திரும்பக் கிடைக்கும் தொகை நாள் நெருங்க நெருங்கத் தேய்ந்துகொண்டே போகும். கடைசி இரண்டு வாரங்களில் நிறுத்துவோர்க்குப் பெரும்பாலும் ஒரு சதமும் கிடையாது. ஓர் உதாரணத்துக்கு, கணவனும் மனைவியும் சேர்ந்து பத்து இலட்சம் ரூபா கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புறப்பட ஒரு மாதம் இருக்கையிலே மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்தப் பத்து இலட்சத்தின் பெரும்பகுதி போயிற்று. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் எடுக்க எண்ணியிருந்த காப்புறுதி அங்கே எப்படி உதவும்? பணம் ஆபத்துக்குள்ளாகும் காலம் பயணத்தின் ஏழு நாள் மட்டுமன்று. அதற்கு முந்திய ஆறு மாதமுந்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லோர்க்கும் தெரிந்துவிட்ட ஆபத்துக்குக் காப்புறுதி கிடையாது. கூரையில் தீப்பற்றிய பின் தீக்காப்புறுதி விற்பார் உண்டோ? நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபர் 14 ஆம் நாள் தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றின் காரணமாக ஒரு வாரத்துக்குள்ளேயே நிறுத்தப்பட்டது. மீண்டும் ஓடியது 2024 ஓகஸ்டில்தான். கடல் இவ்வாறு மனம் மாறுவது இயல்பு. புயலுக்குப் பெயர் சூட்டி வானொலியிற் சொன்ன பின்னர் பத்திரம் வாங்குவோர்க்கு, அந்தப் புயலால் வரும் நட்டத்தைக் கம்பனிகள் தருவதில்லை. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுதான்.

ஆகவே முற்பணம் கட்டும் நாளிலேயே காப்புறுதியைப் பற்றி விசாரியுங்கள். விசாரிக்கும்போது, "பயணத்தை இரத்துச் செய்யும் நட்டம் இதில் அடங்குமா? அடங்குமாயின் எந்த நாளிலிருந்து? எவ்வளவு தொகைவரை?" என்று முதலிலே கேளுங்கள். சில பத்திரங்களில் அப்பகுதியே இராது. சிலவற்றில் மிகச் சிறு தொகையே இருக்கும். கப்பற் பயணத்துக்குத் தனியாக ஒரு சிறு கட்டணம் சேர்த்தாலன்றிக் கப்பலில் நேர்வதை ஏற்காத பத்திரங்களும் உண்டு.

இனி, எவற்றுக்காகக் காப்புறுதி எடுப்பது என்பதைப் பார்ப்போம். கப்பல் என்றதும் நம் மனம் மூழ்குவதையே நினைக்கிறது. 2012 சனவரியில் இத்தாலியக் கரையோரத்தில் 'கொஸ்தா கொன்கோர்டியா' பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்ததை உலகமே பார்த்தது உண்மை. ஆனால், கப்பல் மூழ்குவது அரிது. கப்பலிலே கால் வழுக்குவது அரிதன்று. மாரடைப்பும் வயிற்றோட்டமும் நீரிழிவின் ஏற்றவிறக்கமும் கடலுக்குப் பயப்படுவதில்லை. கப்பலில் வைத்தியர் இருப்பார். சில படுக்கைகளும் இருக்கும். அந்த வைத்தியம் இலவசமன்று. செலவு அறைக் கணக்கிலே ஏறும். நோய் கடுமையானால், அடுத்த துறையிலே இறக்கி அந்நாட்டு வைத்தியசாலையிற் சேர்ப்பார்கள். இயலுமாயின் ஹெலிகொப்ரரில் ஏற்றுவார்கள். பின்னர் வைத்திய உதவியுடன் கொழும்புக்குக் கொண்டுவரும் செலவு பல்லாயிரம் டொலராகிவிடக் கூடும். ஒரு குடும்பத்தின் வீட்டையே ஈடு வைக்கச் செய்யக்கூடிய செலவு இதுதான். ஆகவே பத்திரத்தில் முதலிலே பார்க்கவேண்டியது வைத்தியச் செலவின் உச்சத் தொகை. அடுத்து, நோயாளியை இடம் மாற்றி ஊருக்குக் கொண்டுவரும் செலவு. பெட்டி தொலைவதற்கு எவ்வளவு தருவார்கள் என்பது கடைசிக் கேள்வி. தொலைந்த சேலையை நம்மால் தாங்கிக்கொள்ள முடியும். தாங்க முடியாத நட்டத்துக்கே காப்புறுதி.

தொற்றுநோயைப் பற்றிய வாசகத்தையும் பாருங்கள். 2020 பெப்ரவரியில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் 3,711 பேருடன் யொக்கஹாமாத் துறையில் தனிமைப்படுத்தப்பட்டபோது, அவர்களுள் எழுநூறுக்கும் மேற்பட்டோர்க்குக் கொரோனா தொற்றியது. அறைக்குள்ளே அடைபட்டிருக்கும் நாட்களின் செலவையும், தவறிப்போன விமானத்தின் செலவையும் யார் தருவது என்பது பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும்.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யும் குடும்பங்கள் இரண்டு விடயங்களில் கவனமாயிருத்தல் வேண்டும். கனடாவிலோ இங்கிலாந்திலோ விற்கப்படும் பயணக் காப்புறுதி பெரும்பாலும் அந்நாட்டில் வதிவோர்க்கே உரியது. மகன் தன் குடும்பப் பத்திரத்தில் வெள்ளவத்தையிலுள்ள தாய் தந்தையரின் பெயரையும் சேர்த்துவிட்டால் போதுமென்று எண்ணிவிடலாகாது; செல்லுமா என்று கம்பனியிடம் எழுத்திலே கேட்டுப் பெறவேண்டும். பெற்றோர் இங்கேயே எடுப்பதுதான் பல வேளைகளில் உறுதியான வழி. மற்றது, ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வைத்தியக் காப்புறுதி கேட்கிறார்கள். அந்தப் பத்திரம் விசாவுக்குப் போதும்; கப்பலுக்குப் போதாமற் போகலாம். பார்சலோனாவிற் புறப்படும் கப்பல் துருக்கியையோ துனிசியாவையோ தொடுமாயின், அந்நாடுகளும் நடுக்கடலும் பத்திரத்தில் அடங்குகின்றனவா என்று பாருங்கள்.

சீட்டு வாங்கும்போதே கப்பற் கம்பனி தானாக ஒரு 'பாதுகாப்புத் திட்டத்தை' நீட்டும். சுதேசிக் கப்பற் கம்பனியை வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 இல் நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, எதிரில் நின்ற ஆங்கிலக் கம்பனி கட்டணத்தைக் குறைத்ததோடு பயணிகளுக்கு இலவசமாகக் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். குடையைக் கண்டு கப்பலைத் தெரிவு செய்யலாகாது. கம்பனியின் திட்டம் அக்கம்பனி நிலைத்திருக்கும்வரையே பயன்படும். வைத்தியச் செலவின் உச்சமும் அதிற் குறைவாகவே இருப்பதுண்டு. 2011 யூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆரவாரத்துடன் தொடங்கிய 'ஸ்கோற்றியா பிரின்ஸ்' சேவை அதே ஆண்டு நவம்பரில் நின்றதை நாம் கண்டிருக்கிறோம். ஆகையால், கப்பற் கம்பனியே முடங்கினால் பணம் கிடைக்குமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

யாவற்றிலும் முக்கியமானதொன்றை இனிச் சொல்லவேண்டும். அது பணத்தைப் பற்றியதன்று, உண்மையைப் பற்றியது.

1766 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. சுமாத்திராத் தீவிலிருந்த மால்பரோக் கோட்டையின் ஆளுநர் காட்டர் என்பவர், அக்கோட்டையை எதிரிகள் கைப்பற்றினால் நட்டஈடு தரவேண்டுமென்று காப்புறுதி எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டாரென்று கூறி மறுதரப்பினர் பணந்தர மறுத்தனர். காப்புறுதி செய்பவர், செய்விப்பவர் ஆகிய இருவரும் தமக்குத் தெரிந்ததை ஒளியாது சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற விதியை மான்ஸ்பீல்ட் பிரபு அவ்வழக்கிலே நிலைநாட்டினார். ஆயினும், கோட்டையின் நிலையைக் காப்புறுதி செய்தவரே அறிந்திருக்கக்கூடுமாதலால் தீர்ப்பு காட்டருக்குச் சாதகமாயிற்று. காப்புறுதிச் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்றாக அவ்விதி இன்றும் பேசப்படுகிறது.

நம் முதியோர் தங்கள் நோயைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. "தூரத்திலே இருக்கிற பிள்ளை, ஏன் அவனை வருத்துவான்?" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டாண்டுகளாக இதயநோய்க்கு மாத்திரை உட்கொண்டு வந்தார். மகனுக்குத் தெரியாது. கப்பற் பயணத்துக்கான படிவத்தை ரொறன்ரோவிலிருந்து நிரப்பிய மகன், 'இதயநோய் உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினான். அவன் பொய் சொல்லவில்லை, அறிந்ததைத்தான் எழுதினான். பத்திரத்தின் பிரதியைப் படித்த மனைவிதான், "இதை இப்படியே விட்டால் கடலிலே ஒன்று நடந்தபின் ஒரு சதமும் தரமாட்டார்கள், பிள்ளைதான் கடனாளியாவான்" என்று கூறி, கணவரைக் கொண்டே மகனுக்கு உண்மையைச் சொல்வித்தார். கம்பனி இதயநோய்க்குப் பொறுப்பேற்க மறுத்தது. வைத்தியரும் தயங்கினார். ஈற்றில் கப்பலைக் கைவிட்டு, மகன் குடும்பத்துடன் இங்கே வந்தான்; நல்லூரிலும் திருகோணமலையிலும் பதினைந்து நாள் எல்லோரும் ஒன்றாயிருந்தார்கள். காப்புறுதி மறுக்கப்படுவதுகூடச் சில வேளைகளில் நல்ல ஆலோசனைதான்.

எல்லாப் பயணத்துக்கும் எல்லாக் காப்புறுதியும் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. நாகபட்டினத்துக்குச் சில மணிநேரம் கப்பலிற் போவோர், சீட்டுப் பணம் போனால் தாங்கிக்கொள்ளலாம். அங்கே நோயுற்றால் ஆகும் செலவுக்கு மட்டும் பாதுகாப்புத் தேடினாற் போதும். கட்டணமே இல்லாத காப்புறுதியும் உண்டு. கப்பல் புறப்படும் நகருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்தல் அது. விமானம் தாமதித்ததென்று கப்பல் காத்திராது. மாத்திரைகளையும் வைத்தியரின் கடிதத்தையும் கைப்பையில் வைத்திருத்தல் இன்னொன்று. அவசரத் தொலைபேசி இலக்கத்தைக் கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதி வைத்திருங்கள். வைத்தியசாலைப் பற்றுச்சீட்டு ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். கம்பனி நியாயமின்றி மறுத்தால், 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும், காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிட வழியுண்டு.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்திலே கை வைக்காதே என்பது நம்மவர் பழமொழி. அந்தத் துணிவு கடலிலே திடீரென்று பிறப்பதன்று. முற்பணம் கட்டும் நாளில், பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு மேசையைச் சுற்றி இருந்தோ, தொலைபேசியில் முகம் பார்த்தோ, உள்ள நோயை உள்ளபடி சொல்லி, பத்திரத்தின் சிறு எழுத்துக்களையும் ஒருமுறை உரக்க வாசிக்கும் வீட்டிலேதான் அது பிறக்கிறது.