எலி கடிக்கவில்லை

எங்கள் கடைப் பூனையின் பெயர் மிளகு. நிறம் அப்படி. உறையூரில் அப்பா மளிகை நடத்திய நாளிலிருந்தே கல்லாவுக்குக் கீழே ஏதாவது ஒரு பூனை படுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அரிசி மூட்டை அடுக்கி வைத்திருப்பவனுக்குப் பூனை இல்லாமல் ஓடாது.

போன ஐப்பசியில் மிளகின் மேலுதட்டில், மூக்குக்கு நேர் கீழே, ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஓரம் தடித்து, நடுவில் தோல் போய், செக்கச்செவேலென்று பளபளத்தது. வாயை மூடினாலும் பல் தெரிந்தது. தொட்டால் சீறவில்லை. போட்ட கருவாட்டுத் தலையை வழக்கம்போலக் கடித்துத் தின்றது. பார்த்த எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள்: “எலி கடிச்சிருக்கு அண்ணாச்சி.” ஒருத்தர் மஞ்சளும் நல்லெண்ணெயும் என்றார், இன்னொருத்தர் வேப்பெண்ணெய் என்றார். மெடிக்கல் ஷாப் தம்பி, நாம் படர்தாமரைக்கு வாங்குவோமே, அந்தக் களிம்பை எடுத்துக் கொடுத்தான். தடவிக் கையைத் துடைப்பதற்குள் மிளகு அதை நக்கி முடித்துவிட்டது. உதட்டில் எதைத் தடவினாலும் அது பூனையின் வயிற்றுக்குத்தான் போகும். இது தெரிய எனக்கு ஐம்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

அடுத்து ஒரு கிளினிக். கூடையின் மூடியைப் பாதி திறந்து பார்த்தார்கள், ஒரு ஊசி போட்டார்கள். பத்தே நாளில் உதடு மூடிக்கொண்டது. தை முடிவதற்குள் அதே இடத்தில் அதே பள்ளம். மறுபடி ஊசி. பங்குனியில் மறுபடி பள்ளம். அவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. “சட்டுனு ஊசி போட்டு அனுப்புங்க சார், கடையில ஆள் இல்ல” என்று வாசலிலேயே சொன்னவன் நான். கடைக்குள் எலி நுழைந்தால் எந்த ஓட்டை வழியாக வந்தது என்று டார்ச் அடித்துத் தேடுகிறவன், பூனையின் உதட்டுக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மூன்றாவதாகப் பார்த்தது, அரசுப் பணியில் ஓய்வுபெற்று வீட்டிலேயே மருத்துவம் பார்க்கும் ஓர் அம்மா. அவர் ஊசியைக் கையில் எடுக்கவேயில்லை. ஒரு கண்ணாடி ஸ்லைடைப் புண்ணின் மேல் அழுத்தி எடுத்து, சாயம் போட்டுக் காயவைத்தார். அது காய்வதற்குள் ஒரு பேன்சீப்பால் மிளகின் வால் அடியில் வாரி, சீப்பை ஈரமான வெள்ளைப் பஞ்சின் மேல் தட்டினார். பொடித்த மிளகின் தூசி மாதிரி ஏழெட்டுக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. நான் அழுக்கு என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வட்டம் ஊறியது. “தெள்ளுப்பூச்சியோட எச்சம்ங்க. இவன்கிட்ட குடிச்ச ரத்தம்தான்” என்றார்.

இந்த உதட்டுப் புண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘ரோடன்ட் அல்சர்’ என்றே ஒரு பெயர் உண்டாம். ரோடன்ட் என்றால் எலியினம். ஆக, எங்கள் கடை வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரிக்கவும் வழியில்லை. ஆனால் எலிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒவ்வாமையால் ஈசினோபில் என்கிற வெள்ளணுக்கள் அந்த இடத்தில் குவிந்து தோலை அரிக்கின்றன; ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது தெரிந்ததும் அவைதான். பல பூனைகளுக்குத் தெள்ளுக்கடிதான் தூண்டுதல், சிலவற்றுக்குத் தீனி ஒத்துக்கொள்வதில்லை.

அவரும் ஸ்டீராய்டுதான் கொடுத்தார். ஆனால் பிரட்னிசலோன் மாத்திரையாக, முதலில் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்படியே குறைத்து நிறுத்துகிற கணக்கில். நீண்ட நாள் வேலை செய்கிற ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம் என்றார். பிடரியில் சொட்டுகிற தெள்ளு மருந்து மாதம் ஒருமுறை. சாக்குகளை உதறி வெயிலில் போடச் சொன்னார். பூச்சி பூனை மேல் இருந்தாலும் முட்டையும் புழுவும் கூடும் சாக்கிலும் தரை இடுக்கிலும்தான் கிடக்கின்றன; கூட்டுக்குள் பூச்சி மாதக்கணக்கில் காத்திருக்கும். மூன்று மாதமாவது விடாமல் செய்யச் சொன்னார். நாய்க்கு விற்கிற மருந்தைப் பூனைக்குப் போடாதே என்றும் எச்சரித்தார். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். வலிக்குமே என்று பாராசிட்டமால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பூனைக்கு விஷம்.

அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் பாரசீகப் பூனையோடு உட்கார்ந்திருந்தாள். அதற்கு முகவாயில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள், இரண்டு சீழ்க்கட்டி. அது வேறு விவகாரம், பூனைக்கு வருகிற முகப்பரு. “சாப்பாடு எதுல வைக்கிற?” என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. பிளாஸ்டிக் கிண்ணம். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் கிருமி தங்கும். சில்வர் தட்டுக்கு மாற்றி தினமும் கழுவச் சொன்னார், குளோர்ஹெக்சிடின் நனைத்த பஞ்சால் துடைக்கச் சொன்னார், பிதுக்கக் கூடாது என்றார். சீழ் வைத்ததால் ஆன்டிபயாடிக்கும் எழுதினார். எட்டிப் பார்த்த எனக்கு இரண்டும் ஒரே புண்ணாகத்தான் தெரிந்தது. மெடிக்கல் ஷாப் தம்பியும் இரண்டுக்கும் அதே ட்யூபைத்தான் கொடுத்திருப்பான்.

சொத்தைப் பல், மின்வயரைக் கடித்த தீப்புண், பூஞ்சை, வைரஸ் என்று வாயோரப் புண்ணுக்குக் காரணங்கள் இன்னும் இருக்கின்றன. வயதான பூனைக்கு ஆறாத புண் என்றால் புற்றுநோயா என்று துணுக்கு எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆடி பிறந்துவிட்டது. மிளகின் உதட்டில் மயிர் முளைக்காத ஒரு கோடு மட்டும் மிச்சம். உங்கள் பூனைக்கு இப்படி வந்தால் டாக்டரிடம் ஊசி கேட்காதீர்கள். ஸ்லைடு வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கால் மணி நேரம் கூடுதலாகும். கடையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள்.