அந்த ஊர் கம்ப்யூட்டரை அந்த ஊரிலேயே வாங்குங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மகனுக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். நல்ல சேதி. காபி குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். "சார், பையனுக்குப் புது லேப்டாப் இங்கே திண்டுக்கல்லிலேயே வாங்கிக் கொடுத்து அனுப்பிரலாமா? அங்கே வாங்கினா எல்லாமே ஜெர்மன் பாஷையில இருக்குமாம். புள்ள தடுமாறுவானேன்னு கவலையா இருக்கு."

இதே கேள்வியை இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன். என் பதில்: பையன் கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதைக் கொண்டு போகட்டும். புதிதாக வாங்குவதென்றால் அங்கே போய், அந்த ஊர்க் கடையில், அந்த ஊர் பாஷையில் இருப்பதை வாங்கட்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இந்தப் பதிவை நான் அடித்துக்கொண்டிருப்பதே ஒரு ஜெர்மன் லேப்டாப்பில்தான். என் மகள் ஸ்டுட்கார்ட் பக்கம் குடியிருக்கிறாள். அவள் புதிது வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்துவிட்டாள். 'கண்ட்ரோல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-டி-ஆர்-ஜி என்று போட்டிருக்கும். 'டெலீட்' இருக்க வேண்டிய இடத்தில் ஈ-என்-டி-எஃப். முதல் தடவை இதைச் சரிபார்க்க திண்டுக்கல்லில் இருந்து வந்த மெக்கானிக் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "சார், இது எந்த பாஷை? நான் தொடலாமா?" என்று கேட்டார். ஏதோ சாமி சிலையைத் தொடுவது போல.

நானும் ஆரம்பத்தில் பயந்தவன்தான். 2018 கோடையில் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போயிருந்தோம். போன மறுநாளே என் மின்னஞ்சலைத் திறக்க உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு தப்பு என்றது. மறுபடி அடித்தேன், தப்பு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன், கணக்கே பூட்டிக்கொண்டது. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன், பூட்டின் வெளியே நின்றேன்! காரணம் இதுதான். ஜெர்மன் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். நான் விசையைப் பார்க்காமல் பழக்கத்தில் அடிக்கிறவன். என் பாஸ்வேர்டில் ஒய் உண்டு. திரையிலோ வெறும் புள்ளிகள்தான் தெரியும், எந்த எழுத்து விழுந்தது என்று எப்படித் தெரியும்?

அதைவிடப் பெரிய கூத்து, ஊர் நிலத்துக் கணக்கை எக்செல்லில் போட்டபோது நடந்தது. ஒன்றரை ஏக்கர் என்பதற்கு 1.5 என்று அடித்தேன். மே மாதம் 1-ஆம் தேதி என்று மாற்றிக்கொண்டது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடி மே தினம். அங்கே தசமப் புள்ளிக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். ஆயிரத்தைப் பிரிக்கத்தான் புள்ளி வைப்பார்கள். அவர்கள் 1.500 என்று எழுதினால் ஆயிரத்து ஐந்நூறு, 1,500 என்று எழுதினால் ஒன்றரை. 35 வருஷம் தசம பின்னம் நடத்தியவன் எட்டு வயதுப் பேத்தியிடம் தசமப் புள்ளி கற்றுக்கொண்டேன். அன்று சிரித்தோம். ஆனால் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் வாசிக்கிற ஒருவருக்கு இது சிரிக்கிற விஷயமில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து விளையாட்டாகத் தடுக்கி விழுந்து இதைப் பழகிக்கொள்வது நல்லது.

இப்போது மாப்பிள்ளை கதை. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் 2011-இல் போகும்போது இங்கிருந்தே லேப்டாப் கொண்டு போனார். மகள் ஒரு வருஷம் கழித்து அங்கே வாங்கினாள், ஜெர்மன் பலகை, ஜெர்மன் விண்டோஸ். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே மேசையில் இருந்தவர்கள். மகள் சேமிக்கிற பொத்தானைத் தொடும்போதெல்லாம் 'ஷ்பைஹர்ன்' என்ற சொல்லைப் பார்த்தாள். அந்தச் சொல்லின் வேரில் தானியக் களஞ்சியம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாராம். நம் வீட்டுக் குதிர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அது அவளுக்கு மறக்கவே இல்லை. அச்சிடு, ரத்து செய், கோப்பு, தேடு, முகவரி, பிறந்த தேதி என்று தினம் பத்துச் சொல், காசு கொடுக்காத டியூஷன். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் இன்றைக்கும் மகள்தான் வாசிக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஆபீசில் ஆங்கிலம் போதும், வீட்டுக் கம்ப்யூட்டரும் ஆங்கிலம். பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் வகுப்பில் சேர்ந்து படித்தார். அதற்குக் கம்ப்யூட்டர் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தினம் எட்டு மணி நேரம் உற்றுப்பார்த்த பொருள் அவருக்கு ஒரு சொல்கூடக் கற்றுத் தரவில்லை என்பது உண்மை.

மாப்பிள்ளை தரப்பையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஜெர்மன் பலகை தொல்லைதான். அடைப்புக்குறிகள் எல்லாம் இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கினால்தான் வரும். பிரெஞ்சுப் பலகையில் எண்களுக்கே ஷிஃப்ட் அமுக்க வேண்டும். ஏ இருக்கிற இடத்தில் கியூ இருக்கும். நாள் முழுக்கக் கோடு எழுதிப் பிழைக்கிறவர் ஆங்கிலப் பலகை வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைக்கூட அங்கேயே சொல்லி வாங்க முடியும். பலகைமேல் என்ன அச்சடித்திருக்கிறது என்பது வெறும் மை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை உள்ளே மாற்றிவிடலாம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். விண்டோஸ் 7 காலத்தில் திரை மொழியை மாற்ற விலை கூடிய பதிப்பு வேண்டியிருந்தது. விண்டோஸ் 8 வந்த பிறகு அங்கே வாங்குகிற சாதாரண ஹோம் பதிப்பிலேயே மொழியை மாற்றிக்கொள்ளலாம். நம் ஊரில் விற்கிற பல லேப்டாப்களில் போட்டுத் தருவது 'ஹோம் சிங்கிள் லாங்வேஜ்' என்ற பதிப்பு. பெயரே சொல்கிறது, ஒரே மொழி. ஆக, பாஷைக்குப் பயந்து இங்கே வாங்குகிறவர்தான் ஒரே பாஷையில் மாட்டிக்கொள்கிறார்.

கரண்டு பற்றிக் கவலைப்பட வேண்டாம். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும், ஜப்பானின் 100-க்கும் சரி, ஜெர்மனியின் 230-க்கும் சரி. நம் மூன்று முள் பிளக்தான் அங்கே சுவரில் நுழையாது. கவலைப்பட வேண்டியது கேரண்டிக்கு. சொந்தக்காரப் பையன் ஒருவன் இங்கே வாங்கிப் போனதில் ஐந்தாம் மாதமே திரை போய்விட்டது. கேரண்டி இந்தியாவுக்குள் மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். சீட்டை முன்பே படித்திருந்தால் தெரிந்திருக்கும், யார் படிக்கிறோம்? தேர்வு நேரத்தில் நண்பனிடம் இரவல் வாங்கி எழுதினான்.

இதெல்லாம் லாப நஷ்டக் கணக்கு. எனக்கு உள்ளபடியே உறுத்துவது வேறு. அந்த அம்மா "வேற பாஷை கம்ப்யூட்டர்" என்று ஜெர்மனைச் சொன்னார். திண்டுக்கல் கடையில் வாங்குவது மட்டும் என்ன பாஷை? அதுவும் வேறு பாஷைதானே! ஏ, பி, சி, டி அச்சடித்த பலகை நமக்குப் பழகிப்போனதால் சொந்தம் போலத் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள்? 'எப்படி இருக்கீங்க சார்' என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்புகிறீர்கள். நான் கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன். கேட்டால், "இங்கே தமிழ் கீபோர்டு இல்லை சார்" என்று பதில்.

தமிழ் கீபோர்டு எங்கேதான் இருந்தது? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவில் வேலை பார்த்த ஆர்.முத்தையா தமிழ்த் தட்டச்சுக்குப் பலகை வகுத்தார். அந்த இயந்திரம் செய்யப்பட்டது ஜெர்மனியில். நம் ஊர்த் தட்டச்சுப் பள்ளிகளில் எத்தனையோ பேர் அரசு வேலைக்காக இராப்பகலாகத் தட்டியது அவர் வகுத்த முறையைத் தழுவியதுதான். கம்ப்யூட்டர் வந்தபோதும் அதே கதை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைக் கொண்டுவந்தார். கனடாவில் சீனிவாசன் ஆதமி செய்தார். சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமி கணியன். பிரெஞ்சு பேசும் சுவிட்சர்லாந்து ஊரான லோசானில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடு கூடிப் பேசித்தான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இவர்களில் யாருக்காவது கடையில் தமிழ்க் கம்ப்யூட்டர் கிடைத்ததா? இன்று மேக்கிலும் விண்டோஸிலும் தமிழ்99 கூடவே வருகிறது. அமைப்பில் போய் இரண்டு தட்டு தட்டினால் போதும்.

ஜெர்மன் பலகையில் தமிழ்99 எப்படி உட்காருகிறது என்று மகள் வீட்டில் ஒரு தாளில் படம் போட்டேன். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு, அதில் மாற்றமில்லை. ஜெர்மன்காரர்கள் தலையில் இரண்டு புள்ளி வைத்து எழுதும் மூன்று எழுத்துகள் உண்டு. யூ விசையில் நம் 'ச', ஓ விசையில் 'ந', ஏ விசையில் 'ய'. இசட் என்று போட்டிருப்பதை அடித்தால் 'ள'. கீழ்வரிசைக் கடைசியில் சிறு கோடு போட்ட விசை 'ழ'. பேத்தி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல எல்லாருக்கும் இடம் இருக்கே" என்றாள். சின்னச் சின்ன ஸ்டிக்கரில் எழுத்துகளை எழுதி ஜெர்மன் எழுத்தை மறைக்காமல் ஓரத்தில் ஒட்டினாள். 'தாத்தா' என்று அடிக்க அவளுக்கு ஐந்தே தட்டு: த, ஆ, த, த, ஆ. நடுவிலுள்ள புள்ளி தானாக விழுந்துவிடும். ஆங்கில எழுத்தில் இதையே ஒழுங்காக எழுத எத்தனை எழுத்து ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் ஊர் திரும்பிய மறுவாரம் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்கு வரி, முழுக்கத் தமிழில். அம்மாச்சி செய்த கொழுக்கட்டை ஞாபகம் வருகிறது என்று எழுதியிருந்தாள். 'கொளுக்கட்டை', 'ஞாபகம் வறுது'. நான் என்ன செய்தேன்? வாத்தியார் புத்தி. இரண்டு பிழையையும் திருத்தி, பதிலோடு அனுப்பினேன். ஒன்பது நாள் அவளிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. என் மனைவி என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பத்தாம் நாள் நானே எழுதினேன், தாத்தா வருகிற வருஷமும் கொளுக்கட்டை சாப்பிட வருகிறேன் என்று. உடனே பதில் வந்தது: "தாத்தா, அது ழ. கோடு போட்ட விசை."

அந்த அம்மாவிடம் லேப்டாப் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "அப்ப குக்கராவது இங்கே வாங்கிரலாமா சார்?" என்றார். அதைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள், கூடவே இரண்டு கேஸ்கட்டும் போட்டு அனுப்புங்கள் என்றேன்.